தொட்டித் தரையில் யாரைக் குடிவைப்பது? லோச், கோரி, சக்கர் மீன்களைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கும் வழி

பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் கம்யூனிட்டி தொட்டியின் மேலும் நடுவும் நிரம்பிய பிறகுதான் பலருக்குத் தரை கண்ணில் படுகிறது. மேலே டெட்ராக்கள் ஓடுகின்றன, கீழே வெறும் மணல். சரி, கீழேயும் ஏதாவது விடலாம் என்று கடைக்குப் போனால் கோடு போட்டது, புள்ளி போட்டது, மீசை வைத்தது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பது என்று ஏகப்பட்ட வகை. எல்லாமே 5 செ.மீ. நீளம். எல்லாமே சாது. எல்லாமே தொட்டியைச் சுத்தம் செய்யுமாம். எது 25 செ.மீ. வளரும், எது மற்ற மீனின் துடுப்பைக் கடிக்கும், எது துணையில்லாமல் ஒளிந்தே மெலியும் என்பதெல்லாம் வாங்கிக் கொஞ்ச காலம் ஆன பிறகுதான் தெரியவரும்.

இந்த விவரங்களை ஒன்று சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரே மீனுக்கு ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு அளவு. அதனால் முடிவெடுக்க வேண்டிய வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். சந்துகளில் ஒளியும் லோச், மணலைக் கிளறும் மீசைக்காரக் கோரி, வாயால் கண்ணாடியில் ஒட்டி நிற்கும் சக்கர் ஆகிய மூன்று வகைத் தரைமீன்கள்தான் இங்கே பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: சராசரித் தொட்டியின் தரைக்கு ஒரே இனம் போதும், அதைக் கூட்டமாக வாங்குங்கள். வகைக்கு ஒன்றாகப் பொறுக்கிக்கொண்டு வருவதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது.

1. லிட்டரை மறந்துவிட்டுத் தரையை அளங்கள்

தரைமீனுக்குத் தொட்டியின் உயரத்தால் பெரிய பயன் இல்லை. நீளமும் அகலமும்தான் அதன் உலகம். டேப்பை எடுத்து உள்ளளவை அளந்து, மரக்கட்டை, கல், அடர்ந்த செடி ஆகியவை பிடித்துக்கொண்ட இடத்தைக் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் உண்மையான இடம்.

60×30 செ.மீ. தரையில் (உயரமும் 30 என்றால் 54 லிட்டர்) குஹ்லி லோச் கூட்டம் ஒன்று வைக்கலாம், அல்லது பிக்மி கோரி கூட்டம் ஒன்று. இரண்டும் சேர்த்து வேண்டாம். 90×45 இருந்தால் ஜீப்ரா லோச், குட்டிச் சங்கிலி லோச், நடுத்தர கோரிகள் என்று தேர்வு விரியும். யோயோ லோச்சுக்கு 120 செ.மீ. நீளம் வேண்டும். கிளவுன் லோச் என்றால் 180×60 தரையில்தான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும்.

"இப்போது சின்னதுதானே, வளர்ந்ததும் பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம்" என்ற கணக்கு பெரும்பாலும் நடப்பதில்லை. 180×60×60 தொட்டியில் தண்ணீர் மட்டும் சுமார் 650 கிலோ. அதன் மேல் கண்ணாடி, மணல், ஸ்டாண்ட். மாடி வீடு என்றால் தரை அதைத் தாங்குமா என்று விசாரிக்க வேண்டிய எடை இது. மீன் வாங்கும் நாளிலேயே பெரிய தொட்டிக்கு இடமும் பணமும் கண்ணில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்த மீன் உங்களுக்கானதல்ல.

2. தண்ணீரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு வாரம் காலையும் இரவும் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். பிஎச் (நீரின் அமிலத்தன்மை) அளவும் வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு) இருப்பது நல்லது. புதுத் தொட்டி என்றால் சைக்கிளிங் (கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் வளர்வது) முடிய வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும், அதற்குள் எந்தத் தரைமீனையும் விடாதீர்கள். உணவுத் துணுக்கும் கழிவும் கீழே வந்துதான் தங்கும் என்பதால் அழுக்கின் முதல் அடி இவற்றுக்குத்தான்.

வெப்பநிலையைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. கிளவுன் லோச்சுக்கு 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை பிடிக்கும். மலையோடைகளில் இருந்து வரும் ஹில்ஸ்ட்ரீம் லோச்சுக்கு 20 முதல் 24 டிகிரி, அதோடு நல்ல நீரோட்டமும் நிறைய ஆக்சிஜனும் தேவை. இரண்டுக்கும் பெயரில் லோச் இருக்கிறது என்பதற்காக ஒரே தொட்டியில் விட்டால் இரண்டில் ஒன்று தினமும் கஷ்டப்படும். கோரிகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. பாண்டா கோரி 25 டிகிரிக்கு மேல் போனால் சோர்ந்துவிடும், ஸ்டெர்பாய் கோரி 28 வரை தாங்கும். உங்கள் தொட்டி வெயில் காலத்தில் எவ்வளவு சூடேறுகிறது என்று தெரிந்தாலே பட்டியலில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

பிஎச் 6.5 முதல் 7.5 வரை இருந்தால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான லோச்சுக்கும் கோரிக்கும் சரிப்படும். அந்த எண்ணை மாற்ற மருந்து ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஏற்ற இறக்கம்தான் அதிகக் கெடுதல்.

3. ஏற்கெனவே குடியிருப்பவர்களைப் பாருங்கள்

ஃபைட்டர், ஏஞ்சல், ஆண் கப்பி மாதிரி நீண்ட துடுப்போடு மெதுவாக நீந்தும் மீன்கள் இருந்தால் யோயோ வகை லோச்சுகளைத் தவிருங்கள். கடிப்பது அவற்றுக்குப் பொழுதுபோக்கு. குஹ்லியும் கோரியும் அந்தத் தொந்தரவு செய்யாது.

ஆசையாக வளர்க்கும் நத்தை, இறால் இருந்தால் கவனம். நத்தையைத் தோண்டித் தின்பது போட்டியா (Botia) குடும்பத்து லோச்சுகளுக்குப் பிறவிக்குணம்; கிளவுன், யோயோ, ஜீப்ரா எல்லாம் இந்தக் குடும்பம்தான். குட்டிச் சங்கிலி லோச்கூட நத்தையை விடாது, இறால் குஞ்சையும் விடாது. இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. செடியோடு வந்து பெருகிவிட்ட நத்தையை ஒழிக்க மட்டும் லோச் வாங்குகிறவர்கள் நிறைய. நத்தை சில வாரத்தில் தீர்ந்துவிடும். கிளவுன் லோச் 20 வருடத்துக்கும் மேல் வாழும். உணவைக் குறைத்து, இரவில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டுவைத்து, காலையில் அதில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு வெளியே எடுத்தால் வேலை முடிந்தது.

ராம், கிரிபென்சிஸ் போன்ற சிறிய சிக்லிட் ஜோடி இருந்தால் அவையும் தரையில் எல்லை பிடிப்பவைதான். முட்டையிட்ட வாரத்தில் கீழே யாரையும் நடமாட விடாது. போதாக்குறைக்குக் கோரிகளுக்கு எல்லை, வேலி என்பதெல்லாம் புரியவே புரியாது. விரட்டினால் பத்து நொடியில் அதே இடத்துக்குத் திரும்பி வந்து முட்டையை முகர்ந்து பார்க்கும். தரையில் எல்லை பிடித்து விரட்டும் சிவப்புவால் கருப்பு ஷார்க் தொட்டியில் இருந்தால் சிறிய தரைமீன் எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். தங்கமீன் தொட்டி இந்தக் கட்டுரையின் கணக்கில் வராது, அங்கே தண்ணீரே வேறு.

4. எந்த லோச்?

கடையில் அடிக்கடி பார்க்கக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

குஹ்லி லோச். பாஞ்சியோ பேரினம். 8 முதல் 10 செ.மீ., பாம்புபோல மெல்லிய உடல், மஞ்சளும் கருப்புமாகப் பட்டைகள். முழுக் கருப்பாகவும் ஒரு வகை வரும். முதன்முறை லோச் வளர்க்கிறவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். யாரையும் சீண்டாது, சின்னத் தொட்டிக்கும் ஏற்றது. ஆனால் இரவு நேரத்து மீன். இரண்டு மூன்று மட்டும் வாங்கினால் கண்ணிலேயே படாது. ஆறுக்கு மேல் இருந்தால் பகலிலும் தைரியமாக வெளியே வரும். மணலுக்குள் புதையும். ஃபில்டரின் உறிஞ்சுகுழாய்க்குள்ளும் நுழையும். காணாமல்போன குஹ்லியைத் தேடுகிறவர்கள் முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடம் ஃபில்டர்தான். பஞ்சுக்கு நடுவே, அழுக்கைத் தின்றுகொண்டு, முன்பைவிடக் கொழுத்துப்போய்க்கூட இருக்கும்.

குட்டிச் சங்கிலி லோச். அறிவியல் பெயர் அம்பஸ்தையா சிதிமுங்கி. 5, 6 செ.மீ.தான். மற்ற லோச்சுகளைப் போலத் தரையோடு கிடக்காமல் நடு நீரிலும் கூட்டமாகச் சுற்றும், பகலிலும் சுறுசுறுப்பாக இருக்கும். எட்டு அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். விலை சற்று அதிகம். இயற்கையில் அருகிவிட்ட இனம் என்பதால் பண்ணையில் வளர்த்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஜீப்ரா லோச். போட்டியா ஸ்ட்ரையேட்டா. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழ்வது, 8 முதல் 10 செ.மீ., மெல்லிய குறுக்குக் கோடுகள். போட்டியாக்களில் இதைவிடச் சாதுவானது அரிது. 23 முதல் 26 டிகிரி போதும். இதுவும் அழிவின் விளிம்புப் பட்டியலில் இருப்பதுதான், ஆகவே அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். ஐந்து ஆறாக வைத்தால் தங்களுக்குள்ளேயே வம்பிழுத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடும்.

யோயோ லோச். போட்டியா அல்மோரே. லோஹசாட்டா என்ற பெயரிலும் விற்பார்கள். குட்டியாக இருக்கும்போது பக்கவாட்டுக் கோடுகள் ஆங்கிலத்தில் யோயோ என்று எழுதினாற்போல இருக்கும், வளர வளர அது சிதைந்து வலைபோல ஆகிவிடும். 12 முதல் 15 செ.மீ. பயந்த சுபாவமே கிடையாது. உணவு விழுந்ததும் முதல் ஆளாக வந்து நிற்கும். பார்ப், டானியோ, ரெயின்போ போன்ற வேகமான மீன்களோடு நன்றாகப் பொருந்தும். ஐந்துக்குக் குறைவாக வைத்தால் அடுத்தவரைத் துரத்துவதே அதற்கு முழுநேர வேலையாகிவிடும்.

கிளவுன் லோச். குரோமோபோட்டியா மேக்ரகாந்தஸ். போர்னியோ, சுமத்ரா தீவுகளின் மீன். ஆரஞ்சு உடலில் மூன்று கரும்பட்டை. கடையிலேயே அழகானது அதுதான், சந்தேகமில்லை. 20 செ.மீ. சாதாரணமாக வளரும், 30 வரை போவதும் உண்டு. குறைந்தது ஐந்தாக வைக்க வேண்டும். அத்தனை பெரிய ஐந்து மீன்கள் சேர்ந்து ஓட எவ்வளவு இடம் வேண்டும் என்று முதல் படியில் எடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் சில வருடங்களுக்குப் பிறகு வளர்ச்சி மெதுவாகிவிடும். அதனால் "என் தொட்டியில் இதற்கு மேல் வளரவில்லை, இதுவே போதும்" என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. வளர்ச்சி நிற்பதில்லை, நிதானமாகிறது, அவ்வளவுதான். வெள்ளைப்புள்ளி நோய் முதலில் பிடிப்பதும் இதைத்தான்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது ஸ்கங்க் லோச். யசுஹிகோடாகியா மொர்லெட்டி. 10 செ.மீ.க்குள் அடங்கும் அளவு, முதுகில் ஒரு கருங்கோடு, பார்வைக்குப் பாவம். குணத்தில் நேர் எதிர், மற்ற மீன்களை விடாமல் கடிக்கும். இரண்டாவது அதே பேரினத்து நீல போட்டியா, செந்நிறத் துடுப்போடு வரும். இது 20 செ.மீ.யைத் தாண்டும், முரடு. டைகர் போட்டியா என்று விற்கப்படும் சின்கிராசஸ் வகைகளையும் கம்யூனிட்டி தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

டோஜோ லோச் குளிர்ந்த தண்ணீர் மீன், 20 செ.மீ.யைத் தாண்டும். வெப்பமண்டல கம்யூனிட்டிக்கு ஒத்துவராது. ஹில்ஸ்ட்ரீம் லோச் அருமையான மீன், ஆனால் அதற்கென்றே தொட்டி அமைக்க வேண்டும். கல்லில் படியும் பாசிப்படலத்தை மேய்ந்து வாழ்வது என்பதால் பல மாதம் பழகிய தொட்டி தேவை.

5. லோச்சுக்குத் துணை யார்?

ஒரே இனம் போதும் என்று சொன்னேன். 90 செ.மீ.க்கு மேல் நீளம் இருந்து, இரண்டாவது இனம் வேண்டும் என்று மனசு கேட்டால், தரையைப் பயன்படுத்தும் விதத்தில் வேறுபடும் இரண்டைச் சேருங்கள். ஒன்று மணலில், மற்றொன்று கட்டையில். அல்லது ஒன்று பகலில், மற்றொன்று இரவில்.

குஹ்லியும் கோரியும் அருமையாக ஒத்துப்போகும். கோரி பகலெல்லாம் கூட்டமாக மணலைக் கிளறும், குஹ்லி விளக்கணைந்த பிறகு வரும். கோரிகளை ஒரே வகையில் ஆறாவது வாங்குங்கள். வெண்கலக் கோரி இரண்டு, பாண்டா இரண்டு, பெப்பர் இரண்டு என்று கலந்தால் ஆறு மீன் இருக்கும், கூட்டம் இருக்காது.

குஹ்லியும் பிரிஸ்டில்நோஸ் சக்கரும் சரி. ஜீப்ரா லோச்சும் பிரிஸ்டில்நோஸும் சரி. பிரிஸ்டில்நோஸ் 12 முதல் 15 செ.மீ.யோடு நின்றுவிடும், கட்டையும் கண்ணாடியும்தான் அதன் இடம். ஆண் ஒன்று மட்டும் போதும், இரண்டு ஆண்கள் ஒரே பொந்துக்காகச் சண்டை போடும்.

யோயோவும் கோரியும் சேர்வது எனக்கு உடன்பாடில்லை. ஒத்துப்போகிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தால் கோரிக்கு எதுவும் மிஞ்சாது. சண்டை இல்லை என்பது மட்டும் பொருத்தம் ஆகாது, இரண்டும் வயிறாரச் சாப்பிட வேண்டும்.

ஓட்டோசின்க்லஸ் என்பது பாசி மேயும் குட்டிச் சக்கர் வகை, 4 செ.மீ. அளவு, பரம சாது. பாசி நன்றாகப் படிந்த பழைய தொட்டியில் மட்டும் சேருங்கள். புதுத் தொட்டியில் பட்டினியால் போய்விடும்.

6. பெயரை உறுதி செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்

கடைப் பெயர் எதற்கும் உத்தரவாதம் இல்லை. லேபிளில் லோச் என்று மட்டும் எழுதியிருந்தால் அறிவியல் பெயர் கேளுங்கள். தெரியவில்லை என்றால் படம் எடுத்துக்கொண்டு வந்து, ஒப்பிட்டுப் பார்த்து, மறுபடி போங்கள். மீன் ஓடிப்போகாது. போனாலும் அடுத்த லோடில் வரும்.

கோரிகளின் பெயரில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கோரிடோராஸ் என்று ஒரே பேரினத்தில் இருந்த பலவற்றை 2024இல் வெவ்வேறு பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஆகவே பழைய பட்டியலிலும் புதிய பட்டியலிலும் முதல் பெயர் மாறியிருக்கலாம். இரண்டாவது பெயரை வைத்துத் தேடினால் பிடிபடும்.

அடிக்கடி மாறிப்போகும் ஜோடிகள் இவை. சயாமிய ஆல்கே ஈட்டர் (பாசி தின்னும் மீன்) என்று கேட்டால் சைனீஸ் ஆல்கே ஈட்டரைக் கொடுப்பார்கள். முன்னதற்கு மூக்கிலிருந்து வால்துடுப்பின் நுனிவரை கருங்கோடு ஓடும். பின்னது உறிஞ்சும் வாயால் கண்ணாடியில் ஒட்டி நிற்கும், 25 செ.மீ.யைத் தாண்டும், வளர்ந்ததும் பாசியைவிட மற்ற மீன்களின் உடல் வழவழப்பை உறிஞ்சுவதில் ருசி கண்டுவிடும். தங்க நிறத்தில் வருவதும் இதே மீன்தான்.

அடுத்தது பிரிஸ்டில்நோஸ் என்ற பெயரில் சாதாரண சக்கர் குட்டி. சாதாரண சக்கரின் முதுகுத்துடுப்பு அகலமாகவும் உயரமாகவும் இருக்கும், மீன் 30 செ.மீ.க்கு மேல் போகும். பிரிஸ்டில்நோஸின் தலை அகன்று தட்டையாக இருக்கும், துடுப்பு சிறியது. ஆணின் மூக்கில் வளரும் முட்களைக் குட்டியில் பார்க்க முடியாது, அதை நம்பி நிற்காதீர்கள்.

கடையில் கேட்க வேண்டியவை: பண்ணையா, ஆற்றில் பிடித்ததா? கடைக்கு வந்து எத்தனை நாள்? வந்து ஒரு வாரம் ஆகாததை வாங்காதீர்கள். பயணக் களைப்பில் வரும் நோய் அந்த நாட்களில்தான் தலைகாட்டும். உங்கள் கண்ணெதிரே உணவு போடச் சொல்லுங்கள். தின்னாத லோச் வேண்டாம். வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னால் முதுகு கத்திபோல ஒடுங்கியிருந்தால் உள்ளே புழு இருக்க வாய்ப்பு அதிகம், நன்றாகத் தின்றாலும் மெலிந்துகொண்டே போகும். கோரி என்றால் மீசையைப் பாருங்கள். தேய்ந்து மொட்டையாக இருந்தால் அழுக்குத் தரையில் கிடந்திருக்கிறது.

பில்லில் மீனின் பெயர், எண்ணிக்கை, தேதி மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். செத்தால் மாற்றித் தருவதற்குச் சில கடைகள் நாள் கணக்கு வைத்திருக்கும், தண்ணீர்ப் பரிசோதனை முடிவும் கேட்கும். இரண்டாவது படியில் எழுதிய நோட்டு இங்கே கைகொடுக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் டோஜோ லோச் வளர்க்கத் தடை. வேறு சில இடங்களில் பெரிய சக்கர் வகைகளுக்கும் தடை உண்டு. வேண்டாத மீனை ஏரியில் கொண்டுபோய் விட்டதால் வந்த வினை இது.

7. மீனுக்கு முன் தரை தயாராக வேண்டும்

மென்மையான மணல், 3 முதல் 5 செ.மீ. ஆழம். ஈர மணலைப் புறங்கையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே கீறினால் மீசைக்கும் கீறும். கோரி ஒரு வாய் மணலை எடுத்து, உணவை மட்டும் வடிகட்டிக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக விட்டுவிடும். கூர்மையான ஜல்லியில் இது நடக்காது, பருத்த கூழாங்கல்லிலும் நடக்காது. மணலில் ஒரு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கும், வேறு வாங்குங்கள்.

ஒளிவிடம் மீன் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகமாக இருக்கட்டும். கட்டை, தேங்காய் ஓடு, பிவிசி குழாய்த் துண்டு எது வேண்டுமானாலும் சரி, விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். லோச்சுகள் உடம்பு நெருக்கமாகப் பொருந்தும் சந்துகளையே விரும்பும். மீன் வளர்ந்த பிறகு அதே சந்தில் சிக்கிக்கொள்ளாதபடி பெரிய ஓட்டைகளாகத் தேர்ந்தெடுங்கள். கல் அடுக்குபவர்கள் கல்லை முதலில் தொட்டி அடியில் உட்காரவைத்து, அப்புறம் மணல் கொட்டுங்கள். மணல்மேல் வைத்த கல்லின் அடியைத் தோண்டினால் அது சரியும்.

மூடி கட்டாயம். வயர் போகும் ஓட்டைகளைப் பஞ்சால் அடையுங்கள். உறிஞ்சுகுழாய் முனையில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள்.

8. செலவை முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள்

மீன் விலை இந்தக் கணக்கிலேயே சின்னத் தொகை. மணல், கட்டை, மூடி, ஸ்பாஞ்ச், புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டிக்கு ஒரு ஹீட்டரும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும், டெஸ்ட் கிட் என்று எல்லாம் சேர்ந்தால் மீனைப்போலச் சில மடங்கு ஆகும். பணம் பற்றாக்குறை என்றால் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள், இனத்தை மாற்றுங்கள். கிளவுன் லோச் கூட்டத்துக்குக் காசு போதாவிட்டால் குஹ்லி கூட்டத்தைப் பாருங்கள். டெஸ்ட் கிட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, தள்ளுபடியில் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

9. தனிமைத் தொட்டி: நான்கு வாரம்

பலர் தாண்டிக் குதிக்கும் படி இது. லோச் விஷயத்தில் தாண்டவே கூடாது. இவற்றின் செதில்கள் மிகச் சிறியவை, தோலுக்குள் புதைந்தவை. நோயும் சீக்கிரம் பிடிக்கும், மருந்தும் அதிகமாக உறைக்கும். பெரிய தொட்டியில் நோய் வந்து மருந்து ஊற்ற நேர்ந்தால் செடி, நத்தை, இறால் எல்லாமும் சேர்ந்து மாட்டும்.

40 முதல் 60 லிட்டர் தொட்டி போதும். முக்கியத் தொட்டியில் சில வாரம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை இதற்கு மாற்றுங்கள், சைக்கிளிங்குக்குக் காத்திருக்க வேண்டாம். நாலைந்து பிவிசி குழாய்த் துண்டுகளும், கோரியோ குஹ்லியோ என்றால் ஒரு தட்டில் கொஞ்சம் மணலும் வையுங்கள்.

மீனை மாற்றும்போது வலையைவிட டப்பா நல்லது. போட்டியா வகைகளுக்குக் கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்த முள் உண்டு, பயந்தால் விரித்துவிடும். அது வலையில் மாட்டினால் மீனும் விடாது, வலையும் விடாது. இழுக்காதீர்கள். வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, தானாக மடக்கும்வரை பொறுங்கள். அவசரம் என்றால் வலையைக் கத்தரியுங்கள். கோரியின் பக்கத்துடுப்பு முள்ளும் இதேபோல மாட்டும், கையில் குத்தினால் நன்றாகக் கடுக்கும்.

உப்புத் துகள் தூவினாற்போலப் புள்ளிகள் தெரிந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். வெப்பநிலையைப் படிப்படியாக 30 டிகிரிவரை ஏற்றினால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று வேகமாகும். இது கிளவுன், குஹ்லி போன்ற சூடு தாங்கும் இனங்களுக்கு மட்டும், ஹில்ஸ்ட்ரீமுக்கும் பாண்டா கோரிக்கும் இந்த வேலை ஆகாது. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப்பைக் கூட்டுங்கள். காப்பர், மலக்கைட் கிரீன் கலந்த மருந்துகளில் எச்சரிக்கை வேண்டும். செதிலற்ற மீன்களுக்கு என்று லேபிளில் தனி அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் பாதி அளவில் தொடங்கி மீனைக் கவனியுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். புள்ளி மறைந்த அன்றே நிறுத்தாதீர்கள். மருந்து வேலை செய்வது ஒட்டுண்ணி நீரில் நீந்தித் திரியும் கட்டத்தில் மட்டும்தான், மீன்மேல் இருப்பதையும் தரையில் பெருகிக்கொண்டிருப்பதையும் அது தொடாது.

நான்கு வாரம் என்பது நோயில்லாத நான்கு வாரம். மூன்றாவது வாரத்தில் புள்ளி வந்தால் கணக்கு முதலிலிருந்து.

10. சேர்க்கும் வரிசையும் சாப்பாடும்

ஒரே இனத்து மீன்களைச் சேர்ந்தாற்போல விடுங்கள். இரண்டிரண்டாக விட்டால் முதலில் வந்தவை எல்லை பிடித்துவிடும். இரண்டு இனம் என்றால் சாதுவானது முதலில், மூன்று நான்கு வாரம் கழித்து மற்றது. இரண்டாவது இனத்துக்கும் தனிமைத் தொட்டி உண்டு என்பதால் அந்த இடைவெளி எப்படியும் கிடைத்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள்.

மேலே போடும் உணவில் மிஞ்சுவதைத் தின்று தரைமீன் வாழும் என்பது பொய். மூழ்கும் வில்லைகளை விளக்கணைத்து அரைமணி நேரம் கழித்து, ஒரே இடத்தில் போடாமல் இரண்டு மூன்று இடங்களில் போடுங்கள். வாரம் இரண்டு முறை உறைந்த இரத்தப்புழு கொடுங்கள். பிரிஸ்டில்நோஸுக்கு வெள்ளரி, சுரைக்காய்த் துண்டு. காலையில் மிச்சம் கிடந்தால் எடுத்துவிட்டு, அன்றிரவு அளவைக் குறையுங்கள்.

11. முதல் மாதத்தில் எது சகஜம், எது ஆபத்து

கிளவுன் லோச் ஒருக்களித்துச் செத்ததுபோலப் படுத்துக்கிடக்கும். ஓய்வெடுக்கிறது, வலையோடு ஓடாதீர்கள். செவுள் சீராக அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். சாப்பிடும்போது "டிக் டிக்" என்று சத்தம் வரும், அது சந்தோஷச் சத்தம். இரண்டு லோச் சுற்றிச்சுற்றி மோதும்போது நிறம் வெளுத்துச் சாம்பலாகும். யார் பெரியவர் என்று முடிவானதும் நிறம் திரும்பிவிடும். கோரி திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிக்கொண்டு இறங்கும், அதன் குடல் காற்றிலிருந்தும் ஆக்சிஜன் எடுக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை என்று பாய்ந்துகொண்டே இருந்தால் மட்டும் உடனே தண்ணீரைச் சோதியுங்கள்.

ஒரே மீன் நாள் கணக்கில் வெளுத்தே இருப்பது, துடுப்பு கிழிந்து வருவது, சாப்பாட்டுக்கு வெளியே வராமல் மூலையில் நிற்பது ஆகியவற்றைச் சகஜம் என்று விடாதீர்கள். அடிவாங்கும் மீனைப் பிரித்துத் தனிமைத் தொட்டியில் ஒரு வாரம் தேற்றுங்கள். அதற்குள் பெரிய தொட்டியின் கட்டைகளையும் கற்களையும் இடம் மாற்றிவையுங்கள், பழைய எல்லைகள் கலைந்துவிடும். திரும்ப விட்ட பிறகும் அதே துரத்தல் என்றால் துரத்துகிற மீனை வெளியே எடுங்கள். அந்த இனத்தில் மூன்று நான்குதான் இருக்கிறது என்றால், வெளியே எடுக்கும் முன் கூட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பல சமயம் அதுவே போதும். கடையிடம் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று வாங்கும்போதே கேட்டு வைத்திருந்தால் இந்த நேரத்தில் அலைய வேண்டியிருக்காது.